மச்சான் உக்காந்த பக்கம்

போன வாரம் ஆஸ்பத்திரியில கூப்ட்டு, புதுசா சேந்திருக்கற தெரபிஸ்டுகளுக்கு முன்னால என்ற கதையைச் சொல்லச் சொன்னாங்க. மைக்கைக் கையில குடுத்துட்டு, "சுருக்கமா சொல்லுங்க"ன்னாங்க. மண்டையில அடிபட்டவன்கிட்ட மைக்கையும் குடுத்து, சுருக்கமாவும் சொல்லச் சொன்னா எப்படீங்க? பாதி சொல்றதுக்குள்ள டீ வந்துருச்சு, எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அதனால மிச்சத்தையும் சேத்து இதுல எழுதிப்போடறேன். டீ வேணுங்கறவங்க இப்பவே குடிச்சுட்டு வந்துருங்க.

என்ற பேரு செல்வராசு. முதலிபாளையத்துல ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். கட்டிங்னா, துணியை டேபிள் மேல அடுக்கடுக்கா விரிச்சு, மேல அளவு வரைஞ்ச பேப்பரை வெச்சு, கரண்ட்டுல ஓடற கத்தி மிசினைத் தள்ளிக்கிட்டே போயி மொத்த அடுக்கையும் ஒரே தரமா வெட்டறது. வலது கை மிசினைத் தள்ளும். இடது கை துணியை அமுக்கிப் புடிச்சுட்டு கத்திக்கு முன்னாலயே போயிட்டிருக்கும். இந்தத் தொழில்ல வருசக்கணக்கா நின்னும் வெரலெல்லாம் முழுசா வெச்சிருக்கற ஆளுக எங்க ஏரியாவுல கொஞ்சம்தான். அதுல நான் ஒருத்தன். அந்தத் திமிரு எனக்கு எப்பவும் உண்டுங்க.

அடிபட்டது பல்லடம் ரோட்டுல. நாய் குறுக்க வந்துச்சு. ஹெல்மெட்டு எங்க இருந்துச்சுன்னு கேக்காதீங்க. வண்டிக் கண்ணாடியில பத்திரமா மாட்டியிருந்துச்சு. அந்தக் கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட இல்லியாம். எனக்குத்தான் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல, வலது பக்கமா, ரத்தம் கட்டிக்கிச்சு. ஸ்கேனைப் பாத்த டாக்டரு, இப்பவே தொறந்து எடுக்கோணும், விட்டா மூளையை நசுக்கிப்போடும்னு சொல்லி, என்ற சம்சாரம் ஈஸ்வரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டாரு.

ஆப்பரேசனும் ஐசியூவும் எனக்கு ஒன்னும் ஞாபகமில்லை. அந்தப் பயத்தையெல்லாம் எனக்கும் சேத்து ஈஸ்வரியே பட்டிருக்கறா. வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு, நர்ஸ் யாரு பேரைச் சொல்லிக் கூப்ட்டாலும் இவ எந்திரிச்சு நிப்பாளாம். ஒரு நாளு யாரோ ஒரு அம்மாவோட பிரசவச் சேதியை இவகிட்டச் சொல்லி, இவளும் கையெடுத்துக் கும்புட்டுட்டு உக்காந்திருக்கறா. பில்லைப் பத்தி நான் பேசல. கம்பெனி இன்சூரன்ஸ் கொஞ்சம் தாங்குச்சு, ஈஸ்வரியோட அண்ணன் பொன்னுச்சாமி மீதியைத் தாங்குனாரு.

கண்ணு முழிச்சு, பேச்சு வந்து, மறுவாழ்வு வார்டுக்கு மாத்தினாங்க. அங்கதான் அடிபட்ட மூளைக்கு மறுக்கா வேலை பழக்குவாங்க. நடக்கப் பழக்க ஒரு பிசியோ தம்பி. சட்டை போட, பல்லு வெளக்க, கைவேலை செய்யப் பழக்க நசீமான்னு ஒரு மேடம். அந்தப் படிப்புக்கு ஆக்குபேசனல் தெரபின்னு பேரு. சாப்பாட்டுக்கு ஒரு டயட் மேடம். மனசுக்கு ஒரு கவுன்சிலிங் சார். ஆளுக்கொரு ரூமு, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு பைலு. எல்லாருமே தங்கமான ஆளுக. ஆனா ஒருத்தரை ஒருத்தரு லிப்டுல பாத்தா குட்மார்னிங் சொல்றதோட செரி.

எனக்கு வேண்டியது ஒன்னே ஒன்னுதான். 'இவரு கட்டிங் மிசின்ல நிக்கலாம்'னு ஒரு லெட்டர். அது இருந்தாத்தான் டேபிள்ல நிக்க விடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. கட்டிங் டேபிள் இல்லாத செல்வராசுவை எனக்கே அடையாளம் தெரியாதுங்க. பாக்கற ஆளுககிட்டயெல்லாம் லெட்டர், லெட்டர்னு நச்சரிச்சேன். லேபுக்கு ரத்தம் எடுக்க வந்த பொண்ணுகிட்டகூட கேட்டிருக்கறேன்.

இதுல வெவரம் என்னன்னா, எனக்கு இடது பக்கம் காணாமப் போயிருந்துச்சு. அப்ப அது எனக்குத் தெரியாது, வேற யாருக்கும் தெரியாது. மூளையில வலது பக்கம் அடிபட்டா சில பேருக்கு இப்படி ஆகுமாம். கண்ணு நல்லாத்தான் இருக்கும். கையும் காலும் அசையும். ஆனா இடது பக்கமிருந்து வர்ற சேதியை மூளை வாங்கி வெக்காது. பெரிய கூத்து என்னன்னா, காணாமப் போனதே நமக்குத் தெரியாது. உங்களுக்கு முதுகுக்குப் பின்னால இருக்கறது தெரியுதுங்களா? அதுக்காக எப்பவாச்சும் அழுதிருக்கறீங்களா? அப்படித்தான் நானும் சௌக்கியமா இருந்தேன்.

சோறு திங்கறப்ப தட்டுல வலது பக்கம் இருக்கறதை மட்டும் தின்னுட்டு, போதும்னு கையைக் கழுவப் போவேன். ஈஸ்வரி ஒரு வார்த்தை பேச மாட்டா. தட்டை ஒரு சுத்து திருப்பி வெப்பா. பாத்தா அங்க மறுக்கா சோறு, மறுக்கா பொரியல். "கேக்காமயே எதுக்குடி மறு சோறு போடற, வவுறு வெடிச்சுரும்"னு வைவேன். வஞ்சுட்டு அதையும் திம்பேன்.

சவரம் பண்ணினா பாதி மூஞ்சிதான். மீதியை நான் தூங்கறப்ப அவ முடிச்சு வெப்பா. சட்டையில வலது கையை மட்டும் நுழைச்சுட்டு, கெளம்பலாம்னு நிப்பேன். தோளைத் தட்டற மாதிரி வந்து இடது கையை அவ நுழைச்சு உடுவா. நசீமா மேடம் படம் போட்ட பேப்பரைக் குடுத்து எதையோ எண்ணச் சொன்னா, நான் தடுமாறக்கூடாதுன்னு ஈஸ்வரி நைசா பேப்பரை எனக்கு வலது பக்கமா தள்ளி வெச்சிருக்கறா. நான் எல்லாத்தையும் செரியா எண்ணிட்டேன். மேடம் சபாஷ்னாங்க. எனக்கும் பெருமை, ஈஸ்வரிக்கும் பெருமை.

ஏன்டி சொல்லலைன்னு பின்னால கேட்டதுக்கு, "டாக்டருக்கு வேற வேலை இல்லீங்களா? புருசன் சட்டை போட மாட்டீங்கறாருன்னு அவிங்ககிட்டப் போயி கொறை சொல்லுவாங்களா?"ன்னா. எங்க பக்கத்துல பொம்பளைக அப்படித்தான். ஊட்டு ஆம்பளை கெணத்துல உழுந்தாக்கூட, குளிக்கப் போயிருக்கறாருன்னு சொல்லுவாங்க.

இப்ப மச்சானுக்கு வர்றேன். பொன்னுச்சாமி மச்சான் பொங்கலூர்ல சின்ன வெங்காயம் போடறவரு. வெங்காயத்தைக் காய வெக்கற வேலையையும் விட்டுட்டு தெனமும் பஸ் ஏறி, எளநியைத் தூக்கிட்டு வருவாரு. வந்து செவுத்தோரம் போட்ட சேர்ல உக்காருவாரு. அது எனக்கு இடது பக்கம். "மாப்பள, இன்னைக்கு எப்படீங்க இருக்கறீங்க?"ன்னு கேப்பாரு. என்ற காதுல உழுகும். ஆனா என்ற மூளைக்கு எந்தச் சத்தமும் வலது பக்கமிருந்துதான் வரோணும். வலது பக்கம் உக்காந்திருக்கறது ஈஸ்வரி. நான் அவளைப் பாத்து, "ஏன்டி ஆம்பளைக் கொரல்ல பேசற, தொண்டை கட்டிக்கிச்சா? சுடுதண்ணி குடி"ன்னு சொல்லுவேன்.

மொதோ நாளு மச்சான் சிரிச்சிருக்கறாரு. அப்பறம் சிரிக்கலை. மாமன் மச்சான் ஒறவுல லொள்ளு பேசலாங்க, எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். ஆனா வந்தவனை வாங்கன்னு கேக்காம மூஞ்சியைத் திருப்பினா, எங்க ஊர்ப் பக்கம் அதை ரெண்டு தலைமுறைக்கு மறக்க மாட்டாங்க. "ஆஸ்பத்திரிக்குக் கட்டின பணம் மாப்பளைக்கு உறுத்துது போல, அதான் ரோசத்துல மூஞ்சி குடுக்க மாட்டீங்கறாரு"ன்னு தங்கச்சிகிட்ட சொல்லி வெசனப்பட்டாராம். அப்பவும் எளநி நிக்கலை. கோவத்தோட எளநி வந்துட்டிருந்துச்சு.

இந்த நேரத்துலதான் மறுவாழ்வு வார்டுக்கு ஒரு புது டாக்டரம்மா தலைமைக்கு வந்தாங்க. பெரிய மேடம்னு சொல்லுவோம். வந்ததும் மொதோ உத்தரவு, ஒவ்வொரு நோயாளிக்கும் எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து பேசோணும், ஊட்டு ஆளுகளும் உக்காரோணும்ங்கறது. இருக்கற வேலையில இது வேறயான்னு எல்லாருக்கும் சலிப்பு. மொதோ கேஸே நான்தான். ஏன்னா அன்னைக்கு என்ற லெட்டர்ல கையெழுத்துப் போடறதா இருந்தாங்க. நானே நல்ல சட்டை போட்டுட்டு, ஈஸ்வரி ஒத்தாசையோட ரெண்டு கையும் நுழைச்சுட்டு, போயி உக்காந்தேன்.

டயட் மேடம் ஆரம்பிச்சாங்க. "இவர் பாதிதான் சாப்பிடறார். பசி இல்ல. பவுடரைக் கூட்டலாம்னு இருக்கேன்."

ஈஸ்வரிக்குப் பொறுக்கலை. "பாதியாங்க? ஒரு பருக்கை வெக்காம திங்கறாருங்க!"

"நான் கண்ணால பாத்தேம்மா. நீங்க ஊருக்குப் போயிருந்த அன்னைக்கெல்லாம் பாதித் தட்டு அப்படியே இருந்துச்சு."

"நானுந்தான் கண்ணால பாக்கறனுங்க. கழுவற தட்டை என்னைவிட யாருங்க பாத்துருவா?"

ரெண்டு பேரும் என்ற வவுத்தைப் பத்திப் பேசறாங்க, என்னை ஒருத்தரும் கேக்கலை. பிசியோ தம்பி நடுவுல பூந்து, "கால்ல பலம் நல்லாவே இருக்கு. ஆனா கதவைத் தாண்டும்போது இடிச்சுக்கறார். செருப்பு பெருசுன்னு நினைக்கறேன், மாத்தச் சொல்லியிருக்கேன்"ன்னுச்சு. மெய்தானுங்க, அதுக்குள்ள மூணாவது செருப்பு வாங்கியாச்சு. நசீமா மேடம், சட்டை போடறதுல தோள் வலி இருக்கற மாதிரி தெரியுதுன்னாங்க. கவுன்சிலிங் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "குடும்பத்துல யாரோ ஒருத்தர் மேல இவருக்கு ஆழமான கோபம் இருக்கு. அந்த ஆள் பேசினா முகம் கொடுக்கறதே இல்லன்னு நர்ஸ் சொன்னாங்க"ன்னாரு.

படார்னு கதவு தொறந்துச்சு. "அந்த ஆளு நாந்தானுங்க."

மச்சான். கையில எளநி.

"கூப்பிடாம வந்ததுக்கு மன்னிக்கோணும். ஒரு நாயம் கேட்டுட்டுப் போறனுங்க. இத்தனை நாளா வர்றேன். வாங்க மச்சான்னு ஒரு சொல்லு இல்லீங்க. என்ற வெங்காயம் காட்டுல அழுகுது. போச்சாது, அது கெடக்கட்டும். மனுசனை மனுசன் திரும்பிப் பாக்கோணுமில்லீங்களா? நானென்ன செத்தா போயிட்டேன்?"

இதெல்லாம் பின்னால ஈஸ்வரி சொல்லித்தான் தெரியும், அப்ப ஒரு வார்த்தைகூட என்ற புத்தியில உழுகலை. அவரு நின்னதும் இடது பக்கம்தான். ஈஸ்வரிதான் என்னமோ சத்தம் போடறான்னு நெனச்சு, "சும்மா இருடி, பெரியவங்க பேசறாங்க"ன்னு சொன்னேன்.

நசீமா மேடம் பேனாவைக் கீழ வெச்சாங்க. "ஐயா, நீங்க வந்தா எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"செவுத்தோரங்க. இடது பக்கம்."

பிசியோ தம்பியைப் பாத்தாங்க. "கதவுல எந்தத் தோள் இடிக்குது?" தம்பி தன்னோட தோளை ஒவ்வொன்னா தொட்டுப் பாத்துச்சு. "இடது"ன்னுச்சு. "தட்டுல எந்தப் பாதி மிச்சம் இருந்துச்சு?" டயட் மேடம் காத்துல ஒரு தட்டை வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இடது பாதி"ன்னாங்க. அப்பறம் நசீமா மேடம் ஈஸ்வரி பக்கம் திரும்பி, "நீங்க தட்டுக்கு எதாச்சும் பண்ணுவீங்களாம்மா?"ன்னு மெதுவா கேட்டாங்க.

"திருப்பி வெப்பனுங்க." ஈஸ்வரிக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. "உங்க பேப்பரையும் கொஞ்சம் தள்ளி வெச்சனுங்க. தப்புங்களா?"

யாரும் தப்புன்னு சொல்லலை. பெரிய மேடம் மச்சானைக் கூப்பிட்டு, எனக்கு வலது பக்கம் சேரைப் போட்டு உக்காத்தி வெச்சாங்க.

நான் பாத்தேன். "அட மச்சான்! எப்ப வந்தீங்க? ஒரு போனு பண்ணியிருக்கலாமில்ல? ஆளு ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? அடிபட்டுக் கெடக்கறேன், எட்டிக்கூடப் பாக்கலையே நீங்க!"

மச்சான் சேரை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாரு. அப்பறம் என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, அத்தனை டாக்டருக முன்னாலயும் ஓன்னு அழுதாரு. எனக்கு ஒன்னும் புரியலை. எளநியை வேற மடியில கொட்டிட்டாரு.

பெரிய மேடம் அவங்க ஆளுகளைப் பாத்து, "நாலு பேருமே பாத்திருக்கீங்க. நாலு ரூமுல பாத்திருக்கீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. கையெழுத்துக்கு எடுத்த பேனாவை மூடி பைக்குள்ள வெச்சுட்டாங்க. அந்த மூடற சத்தம் மட்டும் எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

நான் உட்டனா? சண்டை போட்டேன். எனக்கு இடது பக்கம் இல்லைன்னு சொல்றாங்களே, கிறுக்குப் புடிச்சுருச்சான்னு கத்தினேன். நசீமா மேடம் படுக்கையா ஒரு கோடு போட்ட பேப்பரைக் குடுத்து, நடுவுல ஒரு குறி போடச் சொன்னாங்க. ஒரு கட்டிங் மாஸ்டரைப் பாத்து நடு எங்கன்னு கேக்கறாங்க, எகத்தாளத்தைப் பாருங்க! போட்டுக் காட்டினேன். அளந்தாங்க. வலது முனைக்குப் பக்கத்துல கெடந்துச்சு குறி. ஸ்கேல் தப்புன்னேன். வேற ஸ்கேல் வந்துச்சு. அதுவும் தப்புன்னேன். கடியாரம் வரையச் சொன்னாங்க. வரைஞ்சேன். பன்னண்டு நம்பரும் வலது பக்கமே ஒண்டுக்குடித்தனம் இருந்துச்சு. ஈஸ்வரி அதைப் பாத்துட்டு வெளிய போயிட்டா.

அதுக்கப்பறம் அந்த வார்டே மாறிப்போச்சு. இடது ஓரத்துலயெல்லாம் செவப்பு டேப் ஒட்டினாங்க, தட்டுல, கதவுல, பேப்பர்ல. மொதல்ல செவப்பைத் தேடிப் புடிச்சுட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கோணும். முன்னயெல்லாம் நேராப் பாருங்கம்பாரு ஒருத்தரு, தரையைப் பாருங்கம்பாரு இன்னொருத்தரு. இப்ப பிசியோ, டயட், கவுன்சிலிங், வாட்ச்மேன் வரைக்கும் ஒரே பாட்டு: "செவப்பைப் பாருங்க." ஈஸ்வரிக்குத்தான் கஷ்டம். தட்டைத் திருப்பக் கூடாதுன்னுட்டாங்க. அவ கை தட்டுக்குப் போகும், மேடம் பாப்பாங்க, முந்தானையில கையைச் சுத்திக்குவா. மச்சான் பெரிய செவப்புத் துண்டு ஒன்னு வாங்கித் தோள்ல போட்டுட்டு, வேணும்னே இடது பக்கம் உக்காந்தாரு. எந்தக் கட்சியில சேந்தீங்கன்னு பஸ்ஸுல கேட்டாங்களாம். "மாப்பள கட்சி"ன்னிருக்கறாரு.

அவிங்களும் படிச்சுக்கிட்டாங்க. இப்ப புதுசா யாரு வந்தாலும் ஊட்டு ஆளுககிட்ட மொதல்ல கேக்கற கேள்வியே, "அவருக்காக நீங்க சொல்லாம கொள்ளாம செய்யறது என்னென்ன?"ங்கறதுதான். ஒரு நோயாளிகிட்ட ஒருத்தரு பாத்ததை இன்னொருத்தருக்கு அன்னன்னைக்கே சொல்லிக்கறாங்க. லிப்டுலகூட என்ற இடது கையைப் பத்தித்தான் பேச்சாம்.

கழுத்து தானா இடது பக்கம் திரும்ப ஆரம்பிச்சதும் மறுக்கா லெட்டர் கேட்டேன். ஆஸ்பத்திரி டேபிள்ல பாத்தது பத்தாது, உங்க டேபிள்லயே பாத்துருவோம்னு பெரிய மேடம் சொல்லிட்டாங்க. நசீமா மேடமும் பிசியோ தம்பியும் ஒன்னா கம்பெனிக்கே வந்தாங்க. ஈஸ்வரியும் மச்சானும் வந்தாங்க. மிசின்ல கத்தியைக் கழட்டிட்டு, கத்தி இருக்கற எடத்துல நீலச் சாக்பீஸைக் கட்டினாங்க. துணிக்குப் பதிலா பனியன் வரைஞ்ச பேப்பர். என்ற இடது கைக்கு வெள்ளைக் கையுறை.

மிசினைத் தொட்டதும் ஒடம்பெல்லாம் சிலுத்துச்சுங்க. தள்ளினேன். கழுத்து, அக்குள், ஓரம், எல்லாக் கோட்டு மேலயும் நீலம் அப்படியே படிஞ்சு வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. மச்சான் துண்டைச் சுத்தினாரு. போதும், கையெழுத்துப் போடுங்கன்னு நான் நெஞ்சை நிமுத்திட்டு நின்னேன்.

"இன்னொரு தடவை. இந்தத் தடவை பேசிட்டே"ன்னாங்க நசீமா மேடம். கட்டிங்ல வாய் மூடி வேலை பாக்கற ஆளு எங்கீங்க இருக்கறாங்க? மொதலாளி வழக்கம் போல வந்து நின்னு, ஏதோ ஒரு பழைய ஆர்டர்ல சைஸ் மாறிப்போன பஞ்சாயத்தைக் கேட்டாரு. நானும் உற்சாகமா சொல்லிட்டே தள்ளினேன். தள்ளி முடிச்சுட்டு நிமுந்து பாத்தேன். ஒருத்தரும் கை தட்டலை. ஈஸ்வரி வாயைப் பொத்திட்டு நின்னா.

"இடது கையைப் பாருங்க சார்"னு பிசியோ தம்பி சொல்லுச்சு.

கழுத்தைத் திருப்பித் தேடினேன். பேப்பர் மேல ஒரு கை கெடந்துச்சு. வெள்ளைக் கையுறை மேல, நாலு வெரலையும் சேத்துக் குறுக்க, பிசிறில்லாம ஒரு நீலக் கோடு. நான் போட்ட கோடுதான். அவ்வளவு நேரா வேற யாராலயும் போட முடியாது.

மிசினை விட்டுக் கையை எடுத்தேன். அன்னைக்கு மச்சான் மட்டும் கதவைத் தொறக்காம இருந்திருந்தா, கையெழுத்தை வாங்கிட்டு நான் நெசக் கத்தி முன்னால வந்து நின்னிருப்பேன். கையுறையைக் கழட்டி வெரலை ஒவ்வொன்னா தொட்டுப் பாத்தேன். அப்பறம் நானே சொன்னேன். "மொதலாளி, டேபிளை வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

மொதலாளி தலையைச் சொறிஞ்சாரு. "அது வந்துங்க, மாஸ்டர்... குடுத்து ரொம்ப நாளாச்சுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"ஆளு எங்கீங்க?"

"உங்க பக்கத்துலதானுங்க நிக்கறாரு. நீங்க வந்ததுலயிருந்து."

கழுத்தைத் திருப்பினேன். இன்னுந் திருப்பினேன். என்ற வயசுதான் இருக்கும், தென்காசிப் பக்கத்துக்காரரு. கழட்டி வெச்ச கத்தியை ஒரு துணியில சுத்திக் கையில புடிச்சுட்டு, சங்கடமா நின்னுட்டிருந்தாரு.

"இவ்வளவு நேரமா நிக்கறீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணே. நீங்க முடிக்கட்டும்னுதான் நிக்கேன்."

எனக்குக் கண்ணு நெறைஞ்சுருச்சு, மறைக்கலை. மிசினைத் தள்ளி அவரு பக்கம் வெச்சேன்.

"முடிச்சுட்டனுங்க"ன்னேன்.